வாட்டர்லூவில் தொலைந்த குழல்

லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயிலேறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹேஸில்மியர். சர்ரே குன்றுகளுக்கு நடுவே உள்ள இந்தச் சிற்றூருக்குப் பெயர் வாங்கித் தந்தது ரெக்கார்டர். ஒலிப்பதிவுக் கருவியல்ல, நாகஸ்வரம் போல நேராகப் பிடித்து ஊதும் மரக்குழல். முன்னால் ஏழு துளைகள், பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று.

பெரிய வாத்திய கோஷ்டிகளின் முழக்கத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் 18ஆம் நூற்றாண்டில் ஓய்ந்துபோன குழல் இது. 1917இல் ஹேஸில்மியரில் குடியேறிய ஆர்னால்ட் டோல்மெட்ச், பழைய வாத்தியங்களுக்கு உயிர்கொடுப்பவர். 1919இல் அவரது அரிய ரெக்கார்டர் வாட்டர்லூ நிலையத்தில் பையோடு தொலைந்தது. பையை மறந்து விட்டுவந்தது ஏழு வயது மகன் கார்ல். அப்பா புதிதாக ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். 1925இல் ஊரில் இசை விழாவும் தொடங்கினார்.

அதே கார்ல், எட்கர் ஹன்ட் முதலானோருடன் சேர்ந்து 1937இல் ரெக்கார்டர் வாசிப்போர் சங்கத்தை அமைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மலிவு விலை பிளாஸ்டிக் குழல்கள் பள்ளிகளை நிறைத்தன. கூடவே 'குழந்தைகளின் கீச்சுக்குழல்' என்ற கெட்ட பெயரும் ஒட்டிக்கொண்டது.

அதைத் துடைப்பவர்கள் சங்கத்தின் அமெச்சூர்கள்தான். பிரிட்டன் முழுவதும் உள்ள கிளைகளில் ஒருவர் கையசைக்க, மற்றவர்கள் சிறிதும் பெரிதுமான குழல்களோடு கூடி வாசிக்கிறார்கள். கச்சேரிக்காக அல்ல, சேர்ந்து வாசிக்கும் சுகத்துக்காக. ஆனால் அது சுலபமல்ல. பலமாக ஊதினால் சுருதி ஏறும். மெல்ல ஊதினால் இறங்கும். பக்கத்துக் குழலுக்குக் காதுகொடுக்காதவர் இங்கே தேற முடியாது.