தாமரை இலையும் ஊறுகாய் ஜாடியும்

கடல் கடந்து சென்ற தமிழர் உண்டு. காயல் கடந்து வந்த தமிழர் நாங்கள். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஓரறை, ஈரறை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்களுள் சில, தானே காயலின்மேல் 1973-இல் பாலம் அமைந்து, 1992-இல் வாஷி வரை மின்சார ரயிலும் வந்து சேர்ந்தபின், மெல்ல மெல்லக் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்தன. அவ்வாறு எங்களுக்கு வாய்த்த கரைகளுள் ஒன்று சான்பாடா. ஒருபுறம் சேறும் அலையாத்தி மரங்களும். மறுபுறம் துர்பே பக்கத்துத் தொழிற்கூடங்களும் ஓயாத லாரிகளும். உப்புக் காற்றுக்கும் கட்டடப் புழுதிக்கும் இங்கே பஞ்சமில்லை. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரையில் பெய்து தீர்க்கும் மழையோ ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு காரை வைத்துக் காப்பாற்றுவது எளிய காரியம் அன்று.

புதிதாக வண்டி வாங்கியவரைக் கண்டால் முன்பெல்லாம் ‘பூஜை போட்டாயிற்றா?’ என்று கேட்போம். செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் வாசலில் சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் வண்டி நம்முடையது என்ற எண்ணமே பலருக்கு வரும். இப்பொழுது அந்தக் கேள்வியோடு மற்றொன்றும் சேர்ந்துகொண்டது: ‘கோட்டிங் போட்டாயிற்றா?’ செராமிக் கோட்டிங் என்பது அதன் முழுப் பெயர். ஒரு மாதக் கூட்டத்தின் சிற்றுண்டி வேளையில் இதைப் பற்றி எழுந்த வாதம், அன்று மேடையில் நடந்த பட்டிமன்றத்தைக் காட்டிலும் சூடாக இருந்தது. அவசியம் என்றது ஓரணி. வீண் செலவு என்றது மற்றோரணி. பூசப்படுவது என்ன பொருள் என்று மட்டும் இரண்டு அணியிலும் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு அதைக் கேட்டறிய வேண்டிய தேவை இருந்தது. என் வண்டி வெள்ளை நிறம். வாங்கி நான்கு ஆண்டு ஆகிறது. எங்கள் கட்டடத்தில் கூரையுள்ள நிறுத்துமிடம் எனக்குக் கிடைக்கவில்லை. தூங்குமூஞ்சி மரத்தடியே அதன் கொட்டகை. பூ, பிசின், பறவை எச்சம் என்று ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஓர் அபிஷேகம். (இந்தக் காயலுக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன, 2015-இல் அதை அவற்றுக்கான சரணாலயமாகவும் அறிவித்தார்கள். அவற்றின் அழகைக் காயலோரத்தில் பார்க்கிறோம். எங்கள் வண்டிகளைத் தேடி வருபவை என்னவோ காக்கையும் புறாவுமே!) அருகிலுள்ள ஒரு கடையில் விசாரித்தேன். இயந்திர மெருகும் பூச்சும் சேர்த்து 28,000 ரூபாய். ஐந்தாண்டு உத்தரவாதம் என்றார்கள்.

செராமிக் என்றால் பீங்கான் என்று பொருள் சொன்னேன், மேல்மாடியில் வாழும் மாமியிடம். மாதுங்காவில் அரை நூற்றாண்டு வாழ்ந்துவிட்டு மகனோடு இங்கு வந்தவர். “ஏன்பா, ஊறுகாய் ஜாடி மாதிரி ஆயிடுமா காரு?” என்று கேட்டார். வேடிக்கையாகத் தோன்றினாலும் அது மிகச் சரியான கேள்வி. உப்பும் புளிப்பும் எத்தனை ஆண்டு ஊறினாலும் ஜாடியை ஒன்றும் செய்வதில்லை. சான்பாடாவின் காற்றிலும் உப்பு. பறவை எச்சத்திலும் அமிலம். ஜாடியின் குணம் வண்டிக்கு வந்துவிட்டால் வேறென்ன வேண்டும்?

ஆனால் ஜாடியின் பளபளப்பு, ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட சூளை வெப்பத்தில் உருகி இறுகியது. கார்ப் பூச்சு எந்தச் சூளையையும் கண்டதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு குப்பியில் வரும் திரவம் அது. மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவின் இனத்தைச் சேர்ந்த கூட்டுப்பொருள்கள் அதில் உள்ளன. துணி சுற்றிய கட்டையால் சதுரம் சதுரமாகத் தேய்த்து, உபரியைத் துடைத்துவிட்டால், அது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறது. அதன் கனம் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு மைக்ரான். காரின் வண்ணத்துக்குமேல் தொழிற்சாலையிலேயே ஏற்றியிருக்கும் நிறமற்ற மேற்பூச்சு ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரான். அதன்மேல் இந்தப் புதிய பூச்சு ஒன்று அல்லது இரண்டு மைக்ரான். அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரம் எறியும் கல்லை அது தடுக்கும் என்று எவரேனும் சொன்னால், வேட்டியால் வெட்டரிவாளைத் தடுக்கலாம் என்று சொன்னதற்கு ஒப்பாகும். கல்லடிக்கென்று 150, 200 மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிறார்கள். அதன் விலை இதனினும் பன்மடங்கு என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

‘கடினம் ஒன்பது எச்’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். வைரத்தின் கடினம் பத்து என்று பள்ளியில் படித்த நினைவில், வைரத்துக்கு அடுத்தபடி போலும் என்று மயங்குவோர் உண்டு. இது மோஸ் அளவுகோல் அன்று, பென்சில் அளவுகோல்! பிள்ளைகள் எழுதும் எச்பி, படம் வரையும் இரண்டு பி என்னும் அதே வரிசையில், மிகக் கடினமான ஒன்பது எச் பென்சிலால் அழுத்திக் கோடிழுத்தும் கீறல் விழவில்லை என்பதே அதன் பொருள். நம் தெருப் புழுதியில் கலந்துள்ள மணலோ மோஸ் அளவில் ஏழு. பென்சிலை வென்றவன் மணலை வெல்வான் என்பதற்கு ஆதாரமில்லை.

இன்னொன்றும் அறிந்தேன். பூச்சுக்கு முன் வண்டியைக் கழுவி, களிமண் போன்ற பசைக்கட்டியால் தேய்த்து அழுக்கெடுத்து, இயந்திரத்தால் மெருகேற்றுகிறார்கள். அந்த மெருகுதான் பழைய கீறல்களை நீக்குகிறது. நீக்கும்போது தொழிற்சாலை மேற்பூச்சில் சில மைக்ரானையும் சுரண்டியெடுக்கிறது. வண்டியைத் திரும்பப் பெறும் நாளில் நாம் வியந்து நிற்கும் ஒளியில் பெரும்பகுதி மெருகின் ஒளியே.

அப்படியானால் பூச்சினால் பயனே இல்லையா? உண்டு. தண்ணீர் ஒட்டாது, அழுக்கு அழுந்தப் பற்றாது. எச்சம் விழுந்தால் உடனே மேற்பூச்சை அரிக்காமல் சிறிது அவகாசம் தரும். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வதை, 1997-இல் ஜெர்மானியத் தாவரவியலார் பார்த்லாட், நைன்ஹைஸ் இருவரும் நுண்ணோக்கியின் துணையால் விளக்கினார்கள். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், அவற்றின்மேல் மெழுகு. ஆகவே துளி முழு உருண்டையாகி, அழுக்கையும் சுருட்டிக்கொண்டு ஓடிவிடுகிறது. காரின் பூச்சு அந்த அளவுக்குப் போவதில்லை. அது வழவழப்பானது, துளி அரை உருண்டையாக எழுந்து நிற்கும். சரிந்த கண்ணாடியிலிருந்து ஓடிவிடும். தட்டையான கூரையிலும் பானட்டிலும் நின்றுவிடும். மழை ஓய்ந்து சுள்ளென்று வெயில் அடித்தால், நின்ற துளி வற்றிய இடத்தில் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு. எங்கள் ஊர் மழைக்காலம் இந்த விளையாட்டையே நான்கு மாதம் ஆடுகிறது.

கடைக்காரர் கொடுத்த உத்தரவாத அட்டையை வீட்டில் வந்து படித்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே பராமரிப்பு. குறிப்பிட்ட ஷாம்பு மட்டும். உலர்ந்த துணியால் துடைத்தல் ஆகாது. “காலையில் வந்து துடைக்கிறவரை நிறுத்திவிடுங்கள் சார்” என்று அங்கிருந்த இளைஞர் சொன்னதன் காரணம் அப்போது விளங்கியது.

துடைக்கிறவர் ஒரு பெரியவர். விழுப்புரம் பக்கத்தவர், இளமையில் பம்பாய்க்கு வந்து, இப்போது துர்பே ஸ்டோரில் குடியிருக்கிறார். விடியுமுன் எங்கள் கட்டடத்தில் இருபத்திரண்டு வண்டிகளைத் துடைத்துவிடுவார். வண்டிக்கு மாதம் 600 ரூபாய். ஒரு வாளித் தண்ணீரில் ஐந்து வண்டி. அதற்குமேல் குழாயடிக்குப் போய்வர நேரமில்லை. முதல் வண்டியின் மணல் ஐந்தாவது வண்டியைத் தேய்க்கும் என்பதில் ஐயமில்லை. அந்த இளைஞர் சொன்னதில் பொய்யும் இல்லை.

“பூச்சு போட்ட வண்டி எப்படி ஐயா இருக்கிறது?” என்று பெரியவரைக் கேட்டேன்.

“தொடைக்கச் சுகம் சார். ஒருவாட்டி துணி ஓடினாப் போதும். உங்க வண்டிக்கு மூணு வாட்டி ஓடணும்” என்றார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, “நாலாம் மாடி சார் அதைப் போட்டாரு. போட்ட மறுநாளே, இனிமே தொடாதீங்கன்னுட்டாரு. நல்லா வெச்சிருக்காரு வண்டியை, குத்தம் சொல்லக் கூடாது” என்றார்.

உண்மைதான். நான்காம் மாடிக்காரரின் வண்டி கறுப்பு; கூரையடியில் நிற்கிறது. ஞாயிறுதோறும் இரண்டு வாளி வைத்துக்கொண்டு, ஒன்றில் துணியை அலசி மற்றொன்றில் நனைத்துத் தாமே கழுவுகிறார். கறுப்பில்தான் சிலந்தி வலை போன்ற கீறல்கள் வெயிலில் பளிச்சென்று தெரியும். அவருக்கு அந்தப் பூச்சு தகும்; அவர் போன்றவர் கேட்டால் போட்டுக்கொள்ளுங்கள் என்றே நானும் சொல்வேன். என் வெள்ளை வண்டிக்கும் மரத்தடிக்கும் என் ஞாயிற்றுக்கிழமைச் சோம்பலுக்கும் அது பொருந்துமா என்பதே கேள்வி. 28,000 ரூபாய் என்பது என் வண்டிக்காகப் பெரியவர் பெறும் ஏறத்தாழ நான்காண்டுச் சம்பளம். அவர் வேலையைப் பாதியாகக் குறைக்கக்கூடிய ஒரு பொருளை வாங்குவதற்கு, அவரையே நிறுத்த வேண்டும் என்பது எனக்கு ஒரு விசித்திரமான கணக்காகப் பட்டது.

என் மனைவி வேறு பக்கத்திலிருந்து வந்தாள். “உப்பும் சேறும் அடியிலே அடிக்குது. நீங்க தலையிலே பூசப் போறீங்களா?” என்றாள். ஆண்டுக்கு ஒருமுறை கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர் வழியாகத் திருநெல்வேலி வரை இந்த வண்டியில்தான் போய் வருகிறோம். வழியில் கல்லடி படுவது சக்கர வளைவுகளும் அடித்தகடுமே. இக்காலத்து வண்டிகளின் உடற்கூட்டைத் தொட்டியில் முழுக்காட்டி மின்சாரத்தின் துணையால் முதற்பூச்சு ஏற்றுகிறார்கள். ஆகவே முன்போல் எளிதில் துருப்பிடிப்பதில்லை. ஆயினும் கல் பெயர்த்த இடத்தில் உப்பீரம் தங்கினால் துரு தொடங்கும். செராமிக் பூச்சு அங்கெல்லாம் எட்டிப் பார்ப்பதே இல்லை. இளமையில் நான் ஏறிய ஒரு கறுப்பு மஞ்சள் டாக்சி நினைவுக்கு வந்தது: வெளியே கண்ணாடிபோல் துடைத்திருந்தார் ஓட்டுநர், உள்ளே காலடி விரிப்பு நகர்ந்த இடத்தில் சாலை ஓடுவது தெரிந்தது.

ஆக, பூச்சு வேண்டாம் என்று முடிவாயிற்று. மழைக்கு முன் 6,000 ரூபாய் செலவில் வண்டியின் அடிப்புறத்தைக் கழுவி உலரவைத்துத் துருத் தடுப்பு அடிக்கச் செய்தோம். வடிகால் துளைகளை அடைத்துவிடாதபடி அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டேன். அழுக்கின்மேல் அடித்தாலும், துளையை மூடினாலும், காக்க வந்ததே ஈரத்தைச் சிறைபிடித்துவிடும். கூரைக்கும் பானட்டுக்கும் ஆண்டில் இருமுறை சாதாரண மெழுகு. பெரியவருக்கு இன்னொரு வாளியும் ஒரு டஜன் மெத்தென்ற துணிகளும் வாங்கிக் கொடுத்தேன். மாதம் 200 ரூபாய் கூட்டினேன். உலர்ந்த தூசியைத் துடைக்காமல், முதலில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பிறகு துணியைத் தொடுவது என்று பேசிக்கொண்டோம். தண்ணீருக்காகக் கீழ்த்தளக் குழாயைக் காலை ஐந்து மணிக்கே திறந்துவிட வேண்டும் என்று சொசைட்டிக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

கதவுகளின் அடி விளிம்பில் மழைநீர் வடியச் சிறு துளைகள் உண்டு என்று சொன்னபோது பெரியவர் சிரித்தார். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்து, நான் காட்டுமுன்பே குனிந்து ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தார். மூன்று கதவுகள் சுத்தம். இடப்பக்கப் பின்கதவிலிருந்து ஒரு கரண்டிச் சேறும், சென்ற ஆண்டின் தூங்குமூஞ்சிப் பூவும் வெளியே வந்தன.