அரசமரத்தடியில் உடையவர்

பொதிகை மலைச்சாரலில், தாமிரபரணியின் துணைநதியான மணிமுத்தாற்றின் குறுக்கே, காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் ஓர் அணை எழுந்தது. 118 அடி கொள்ளளவு கொண்ட அந்த அணையால் வயல்கள் பசுமை பெற்றன. அதன் அடிவாரத்தில் ஓர் ஊரும் நிலைபெற்றது. அவ்வூரில் சிறிய பிள்ளையார் கோயில் ஒன்றின் முன்னால் அரசமரம் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிக் கட்டிய மேடையில் 2015-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக முதியோர் சிலர் நாள்தோறும் காலையில் கூடினர். முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் கண்ட 'ராமானுஜர்' தொடரே அவர்தம் பேச்சு.

கலைஞர் தொலைக்காட்சியில் அத்தொடர் 2015 ஜூன் மாதம் தொடங்கியது. கதை வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. வயது தொண்ணூறைக் கடந்த நிலையில், பகுத்தறிவுக் கொள்கையினராக அறியப்பட்ட ஒருவர் வைணவ ஆசாரியரின் வாழ்வை எழுதப் புகுந்தது நாடெங்கும் வியப்பாகப் பேசப்பட்டது. அரசமரத்தடியிலும் முதல் வாரம் முழுதும் அதே பேச்சுத்தான். உடையவர் அவதரித்தது 1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் என்பது மரபு. ஆயிரமாவது ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்த வேளையில் அவர் கதை வீடுதோறும் வருவதே போதும், எழுதுகிறவர் யாராயின் என்ன என்று அவர்கள் அமைதி கொண்டனர்.

கூடியவர்களுள் நால்வர் நாள் தவறாதவர். வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவரை எல்லாரும் 'சார்வாள்' என்றனர். ஆழ்வார்திருநகரியில் பிறந்து, குருபரம்பரைக் கதைகளைத் தாய்ப்பாலோடு பருகியவர் ஒரு மாமி. மகனின் பணி நிமித்தம் மணிமுத்தாறு வந்தவர். அணை கட்டியபோது இளைஞராகக் கல் சுமந்தவர் ஓர் அண்ணாச்சி. நான்காமவர், மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் 38 ஆண்டுகள் கொழுந்து பறித்துவிட்டுக் கீழே மகள் வீட்டுக்கு இறங்கி வந்தவர். அவரை 'மாஞ்சோலை அக்கா' என்றே அழைத்தனர். அவர் மேடைமேல் அமர்வதில்லை. எத்தனை முறை அழைத்தாலும், "இங்கனயே இருக்கேன், காத்து நல்லா வருது" என்று வேரில்தான் அமர்வார்.

முதலில் சூடுபிடித்த விவாதம் தஞ்சமாம்பாளைப் பற்றியது. உடையவரின் இல்லறத்தைக் கூறும் மூன்று நிகழ்ச்சிகள் மரபில் புகழ்பெற்றவை. திருக்கச்சி நம்பிகளை அமுதுக்கு அழைத்துவிட்டு இளையாழ்வார் வெளியே சென்றிருந்தபோது, அவர் மனைவி நம்பிகளுக்கு உணவிட்டு அனுப்பி, இலையை அகற்றி, இடத்தைத் தூய்மை செய்து நீராடிவிட்டார். அதனால் அடியார் அமுது செய்த மிச்சம் இளையாழ்வாருக்குக் கிட்டாமல் போயிற்று. பசித்து வந்த வைணவர் ஒருவருக்கு உணவு இல்லையென்றது இரண்டாவது. பெரிய நம்பிகளின் தேவியாரோடு கிணற்றங்கரையில் மூண்ட பூசல் மூன்றாவது. இவற்றின் முடிவில் அவர் துறவு பூண்டார் என்பர்.

ஆடவர் இருவரும் தஞ்சமாம்பாளைக் குறை கூறினர். மாமியோ அவருக்காக வாதாடினார். "சொல்லாம கொள்ளாம விருந்தாளியை வரச்சொல்லிட்டு, இவர் வெளியில போயிடுவார். ஆசாரத்துல வளர்ந்த பொண்ணு, தெரிஞ்சதைத்தானே செய்வா? எம்பெருமானார் மனசை அவளுக்கு யார் விளக்கினா?" என்றார். மாஞ்சோலை அக்கா நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "அவர் சாமியாராப் போனாரு, சரி. அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று வினவினார். தொடர் அதற்குப் பின் அவரை எங்கே காட்டப்போகிறது என்று நால்வரும் பல நாள் காத்திருந்தனர்.

நுணுக்கங்களிலும் அவர்கள் கண்ணாயிருந்தனர். அக்காலக் காஞ்சியின் அடுக்களையில் மிளகாய் இருந்திராது. அது போர்த்துக்கீசியர் வழியாகப் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. மிளகே காரத்துக்கு ஆதாரம் என்று சார்வாள் சொல்ல, பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இன்றும் மிளகுதானே பிரதானம் என்று மாமி தலையசைத்தார். திருமண் காப்பின் வடிவம் பற்றியும் பேச்சு வந்தது. வடகலை, தென்கலை என்னும் பிரிவு வேதாந்த தேசிகருக்கும் மணவாள மாமுனிகளுக்கும் பிற்பட்ட காலத்தில் உறுதிப்பட்டது. ஆகவே உடையவரை ஒரு பக்கத்தாராக்கிப் பேசுவது பொருந்தாது என்பதில் இருவரும் ஒன்றினர். திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை அவர் வெளியிட்டது கோபுரத்தின் மேலா, கூடிநின்ற அடியார் நடுவிலா என்ற வினா மட்டும் இரண்டு காலைகளை எடுத்துக்கொண்டது.

பிணக்கு தோன்றியது மேல்கோட்டைப் பகுதியில். சோழ மன்னனின் கொடுமைக்கு அஞ்சிய அடியார்கள் உடையவரை வெள்ளாடை உடுத்தி மேற்கே அனுப்பினர். அவருக்குப் பதிலாகக் காவியணிந்து அரசவை சென்ற கூரத்தாழ்வான் கண்களை இழந்தார். பெரிய நம்பிகளும் அத்துயரில் பங்குற்றார் என்பது குருபரம்பரை. அந்த மன்னனைக் 'கிருமிகண்ட சோழன்' என்று மரபு சுட்டும். அவன் யார்? 1070 முதல் 1120 வரை ஆண்ட முதற் குலோத்துங்கன் என்பர் சிலர். ஆனால் அவன் காலத்துக் கல்வெட்டுகள் திருவரங்கத்திலேயே மிகுதியாக உள்ளன. கோயிலுக்கு அளித்த கொடைகளைப் பேசுகின்றன. அதிராசேந்திரனே என்பாரும், பின்வந்த இரண்டாம் குலோத்துங்கன் என்பாரும் உளர். இது வரை மாமி ஆர்வத்தோடு கேட்டார்.

அடுத்தது செல்வப்பிள்ளை. மேல்கோட்டையின் உற்சவமூர்த்தி தில்லி சுல்தானின் அரண்மனையில் இருந்ததாகவும், உடையவர் அங்கே சென்று "வாராய் என் செல்வப்பிள்ளையே" என அழைக்க, விக்கிரகம் சதங்கை ஒலிக்க நடந்து வந்து அவர் மடியில் அமர்ந்ததாகவும், பிரிவாற்றாத சுல்தானின் மகள் பின்தொடர்ந்து வந்து பெருமாளின் திருவடியில் கலந்ததாகவும் கூறுவர். துலுக்க நாச்சியார் என்று அவளைப் போற்றுகின்றனர். திருவரங்கத்திலும் அவளுக்கு இடம் உண்டு. ரொட்டி நைவேத்தியமும் உண்டு.

சார்வாள் விரல்விட்டு எண்ணினார். "உடையவர் திருநாடு அலங்கரித்தது 1137. தில்லியில் சுல்தான்களின் ஆட்சி தொடங்கியது 1206. இடையில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். ஆகவே இது நடந்திருக்கவே முடியாது."

மாமி ஒன்றும் பேசவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து சென்றார். மறுநாள் அவர் வரவில்லை. பத்து நாளும் வரவில்லை.

கோபம் என்றே அண்ணாச்சியும் சார்வாளும் எண்ணினர். உண்மை வேறு. மாமியின் பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், அன்று பள்ளி விடுமுறையாதலால் மேடையருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தான். வீட்டுக்குப் போனதும், "அப்போ ராமானுஜரும் கதைதானா பாட்டி?" என்று கேட்டுவிட்டான். அறுபதாண்டுகளாகத் தம் தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு வளர்த்த ஒன்று ஒரே வினாவில் அசைவதை மாமி உணர்ந்தார். அவனுக்கு விடை சொல்ல அவரால் இயலவில்லை. விடையில்லாமல் அரசமரத்தடிக்குச் செல்லவும் மனம் வரவில்லை.

இதை வெளிக்கொணர்ந்தவர் மாஞ்சோலை அக்கா. விட்டுப்போன பகுதிகளின் கதையைச் சொல்லும் சாக்கில் அவர் மாமியின் வீட்டுக்குச் சென்று, வாசற்படியில் அமர்ந்து எல்லாம் கேட்டு வந்தார். வந்தவர் சார்வாளிடம், "நீங்க மாமிக்குப் பதில் சொல்லாண்டாம், சார்வாள். அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லுங்க" என்றார்.

சார்வாள் மாமியின் இல்லம் சென்றார். தாம் சொன்ன ஆண்டுக் கணக்கை அவர் திரும்பப் பெறவில்லை. பெற்றிருந்தால் மாமியே அதை மதித்திருக்கமாட்டார். சிறுவனை அழைத்து, ஒரு குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் வரையச் சொன்னார்.

முதற் கட்டத்தில், ஐயமின்றி நம் கையில் இருப்பவை. ஸ்ரீபாஷ்யம், கீதாபாஷ்யம், வேதார்த்தசங்கிரகம், வேதாந்ததீபம், வேதாந்தசாரம், கத்யங்கள் மூன்று, நித்யகிரந்தம் என உடையவர் அருளிய ஒன்பது நூல்கள். ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் வரலாற்றில் வாழ்ந்தவன்; பேலூர்ச் சென்னகேசவர் கோயில் 1117-இல் அவனால் எடுக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. இரண்டாம் கட்டத்தில், அடியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் காத்தவை, குருபரம்பரை கூறுபவை. மூன்றாம் கட்டத்தில், தொடரை எழுதியவர் காட்சிக்காகப் படைத்தவை. பாத்திரங்கள் பேசும் வசனமெல்லாம் பெரும்பாலும் இதில் அடங்கும்.

"சுல்தான் மகள் இரண்டாவதா சார்?" என்றான் சிறுவன்.

"இரண்டாவது. ஆனால் அதோடு விட்டுவிடாதே. செல்வப்பிள்ளையை மீட்டு வரும் வழியில் தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்கள் உடையவருக்குத் துணைநின்றனர் என்றும், அவர்களுக்குத் 'திருக்குலத்தார்' என்று பெயரிட்டு, ஆண்டில் குறித்த நாள்களில் மேல்கோட்டைக் கோயிலுள் வழிபடும் உரிமையை அவர் அளித்தார் என்றும் அதே கதை சொல்கிறது. அந்தப் பெயரும் உரிமையும் நூற்றாண்டுகளாக நடைமுறையில் இருந்தவை. ஆண்டு பொருந்தாத கதைக்குள்ளும் மெய்யாக வாழ்ந்த ஒன்று இருக்கலாம்."

மாமி உள்ளிருந்து மோர் கொண்டுவந்து வைத்தார். "தேதி உம்முடையதா இருக்கட்டும், சார்வாள். நாச்சியார் என்னுடையவள்" என்றார். பிறகு குறிப்பேட்டைப் பார்த்து, "எழுதறதுன்னா குருபரம்பரையை முதல்ல எழுதணும்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

மறுநாள் முதல் குறிப்பேடும் மேடைக்கு வந்தது. அன்று மாஞ்சோலை அக்கா தம் ஐயத்தைக் கேட்டார். "உறங்காவில்லி தாசர் தோளைப் பிடிச்சுக்கிட்டு உடையவர் ஆத்துல குளிச்சுட்டு வருவாருன்னு காட்டினாங்களே, அது எந்தக் கட்டம்?"

இரண்டாம் கட்டம் என்றார் சார்வாள். மாமி அதை விரித்துரைத்தார். நீராடப் போகும்போது முதலியாண்டானைப் பற்றிச் செல்பவர், நீராடித் திரும்பும்போது குலத்தால் தாழ்ந்தவராகக் கருதப்பட்ட உறங்காவில்லி தாசரின் தோளைப் பற்றி வந்தார். கேட்டவர்களுக்கு, அதனால் தாம் மேலும் தூய்மையடைவதாக விடையிறுத்தார். மாறனேரி நம்பியின் இறுதிக் கடனைப் பெரிய நம்பிகள் தம் கையாலேயே செய்ததையும், சடாயுவுக்கு இராமபிரான் செய்ததை எடுத்துக்காட்டி அதற்கு நியாயம் கூறியதையும் சொன்னார். சொல்லி முடித்தபோது மாமியின் பார்வை மரத்தின் வேர்ப்பக்கம் சென்றது. பல மாதங்களாக அங்கேயே அமர்ந்திருக்கும் தோழியை நோக்கி, "நீ இங்க வந்து உட்காரு. இல்லேன்னா நான் அங்க வந்துடறேன்" என்றார். இம்முறை குரலில் உபசாரம் இல்லை, கட்டளை இருந்தது. மாஞ்சோலை அக்கா மேடையேறி அமர்ந்தார். அண்ணாச்சி சற்று நகர்ந்து இடம்விட்டார். அதைப் பற்றி எவரும் பேசவில்லை. அன்றைய காட்சிக்கே பேச்சு திரும்பிற்று.

2016-இல் தொடர் நிறைவு பெற்றது. அவ்வாண்டு கார்த்திகையில் கைசிக ஏகாதசிக்கு நால்வரும் சிறுவனும் வேன் அமர்த்திக்கொண்டு களக்காடு வழியாகத் திருக்குறுங்குடி சென்றனர். உடையவர் கதையில் அத்தலத்துக்கும் பங்கு உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து ஒரே இரவில் எம்பெருமான் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும், வடுக நம்பி வடிவில் நம்பியே வந்து அவர் கையால் திருமண் காப்பு அணிந்துகொண்டு கொடிமரத்தருகே மறைந்ததும், சன்னிதியில் பெருமாளின் நெற்றியில் அதே ஈரத் திருமண்ணை உடையவர் கண்டதும் தல வரலாறு.

அன்றிரவு கோயிலில் கைசிக நாடகம் நடந்தது. நலிவுற்றிருந்த அம்மரபை 1999-இல் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் மீட்டெடுத்தனர். பாணர் குலத்து நம்பாடுவான், நம்பியைப் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசிடம் அகப்பட்டு, பாடிவிட்டுத் திரும்புவதாகச் சத்தியம் செய்து, சொன்னபடியே திரும்பி வந்து, கைசிகப் பண்ணின் பலனால் அந்த ராட்சசனுக்கும் விடுதலை தந்த கதை அது. வராக புராணத்தில் உள்ளது. கோயிலுக்குள் வர இயலாத அவன் வெளியிலிருந்தே தன்னைக் காணட்டும் என்று நம்பி கொடிமரத்தை விலகச் சொன்னான் என்பர். கொடிமரம் இன்றும் நேர்க்கோட்டிலிருந்து சற்று விலகியே நிற்கிறது.

சிறுவன் குறிப்பேட்டை எடுத்தான். நம்பாடுவான் எந்தக் கட்டம் என்று சார்வாளை நோக்கினான். சார்வாள் மாமியை நோக்கினார். மாமி, "அக்காவைக் கேளு" என்றார்.

மாஞ்சோலை அக்கா கொடிமரத்தையும், அதன் பக்கமாக உள்ளே தெரிந்த விளக்கொளியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தக் கட்டமோ தெரியல, தம்பி. இங்கன நின்னா சாமி நல்லாத் தெரியுது. அதை எழுதிக்க" என்றார்.

அவன் அப்படியே எழுதிக்கொண்டான். கட்டங்களுக்கு வெளியே, பக்கத்தின் ஓரத்தில்.