ரெடுய் மாளிகையும் இரண்டு ராஜினாமாக்களும்

ரெடுய், மொரீஷியஸ்

அன்புள்ள நண்பருக்கு,

கடலைப் பற்றியும் கரும்புத் தோட்டங்களைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் படத்தில் பார்க்கக் கிடைப்பவை. தலைமைச் செயலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவர் நீங்கள். உங்களுக்குப் பொருத்தமாக ஒரு கையெழுத்தின் கதையைச் சொல்கிறேன்.

ரோஸ் ஹில்லில் மெட்ரோ மாறி இங்கே வந்தேன். பல்கலைக்கழக மாணவர் கூட்டத்தைத் தாண்டினால் மரங்களுக்குள் மறைந்து கிடக்கிறது குடியரசுத் தலைவர் மாளிகை. இரண்டு ஆற்றுப் பள்ளங்களுக்கு நடுவே நீண்டிருக்கும் மேட்டு நிலம். எதிரிகள் தீவைத் தாக்கினால் பெண்களும் குழந்தைகளும் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று 1748 வாக்கில் பிரெஞ்சு ஆளுநர் பார்த்தலெமி டாவிட் இதை அமைத்தார். பிறகு பிரெஞ்சு ஆளுநர்கள், அவர்களுக்குப் பின் ஆங்கிலேய ஆளுநர்கள் என்று வரிசையாகக் குடியிருந்தார்கள். 1901இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் காந்தி இந்தத் தீவில் இறங்கி, ஆளுநர் சார்லஸ் புரூஸின் விருந்தாளியாக ஓர் இரவு தங்கியிருக்கிறார். பொதுமக்களுக்குத் தோட்டம் திறப்பது ஆண்டில் ஏதோ சில நாள்தான். நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

கையில் இருந்த ஒரு ரூபாய் நாணயத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் முதல் பிரதமர் ராம்கூலம். மறுபக்கம் அரசு இலச்சினை. நூறு ரூபாய்த் தாளில் நம் வம்சாவளியைச் சேர்ந்த அமைச்சர் ரங்கநாதன் சீனிவாசன். தமிழ் எழுத்தும் உண்டு. வேறு தாள்களில் வேறு தலைவர்கள். குடியரசுத் தலைவராக இருந்த ஒருவர் முகமும் எதிலும் இல்லை.

இருக்கவும் நியாயமில்லை. 1968இல் விடுதலை பெற்ற நாடு, 1992 மார்ச் 12இல் குடியரசானது. கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்த வீராசாமி ரிங்காடுவே முதல் குடியரசுத் தலைவர். அவரும் தமிழ் வம்சாவளிதான். சில மாதங்களில் ஒதுங்கிக்கொண்டார். பிரதமர் முன்மொழிய, நாடாளுமன்றம் விவாதமில்லாமல் ஓட்டுப் போட்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருவரை இந்த மாளிகைக்கு அனுப்புகிறது. அதிகாரம் பிரதமரிடம். மசோதா பிடிக்கவில்லை என்றால் தலைவர் 21 நாளுக்குள் ஒரே ஒரு முறை திருப்பி அனுப்பலாம். நாடாளுமன்றம் மறுபடி நிறைவேற்றினால் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். நம் ஊர் ஆளுநர் மாளிகையைப் போல மாதக்கணக்கில் கிடப்பில் போட வழியில்லை.

அப்படியானால் மனம் ஒப்பாத தலைவர் என்ன செய்வது? 2002 பிப்ரவரியில் அதற்குப் பதில் கிடைத்தது. அமெரிக்க இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் வந்த பயங்கரவாதத் தடுப்பு மசோதா அது. சந்தேகத்தில் பிடிபட்டவரை வழக்கறிஞரைக்கூடப் பார்க்க விடாமல் 36 மணி நேரம் வைத்திருக்க போலீசுக்கு இடம் தந்தது. அப்போதைய தலைவர் காசாம் உத்தீம் அதைத் திருப்பி அனுப்பினார். சபை மீண்டும் நிறைவேற்றியது. ஏறத்தாழப் பத்து ஆண்டாகப் பதவியில் இருந்தவர், காலம் முடியச் சில மாதமே பாக்கி. கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். பதவியை விட்டு வெளியேறினார்.

மசோதா துணைத் தலைவர் அங்கிடி செட்டியார் மேசைக்கு வந்தது. தற்காலிகத் தலைவராக அவர் இருந்தது மூன்றே நாள். அவரும் பேனாவைத் தொடவில்லை, ராஜினாமா. அடுத்து சட்டப்படி தலைமை நீதிபதி அரிரங்கா பிள்ளை பொறுப்பேற்றார். அவர் கையெழுத்திட்டார். மசோதா சட்டமானது. மாதம் முடியும் முன்பே கார்ல் ஓஃப்மான் புதிய தலைவராகிவிட்டார்.

ஆக, மறுத்த ஒருவர் செட்டியார், போட்டவர் பிள்ளை. இதை வைத்து யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ எனக்கு மனமில்லை. அரசியல் சாசனம் வேறு வழி விடாத இடத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தார். செட்டியாரும் ஒரேயடியாக ஒதுங்கிவிடவில்லை. 2007இல் மறுபடி துணைத் தலைவராகி, 2010இல் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

இதே மாளிகைக்கு வேறு உபயோகங்களும் உண்டு. ஆட்சிக்காலத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தப்படி 2003இல் பிரதமர் நாற்காலியைக் கூட்டாளி பெரான்ஷேயிடம் கொடுத்துவிட்டு, அனிருத் ஜக்நாத் இங்கே குடிவந்தார். 2012இல் அரசியல் ஆசை விடாமல் இறங்கிப் போனவர், 2014இல் 84 வயதில் மறுபடி பிரதமர்! தாவர ஆய்வில் பேர்பெற்ற அமீனா குரிப் ஃபக்கீம் 2015இல் முதல் பெண் தலைவரானார். தொண்டு நிறுவனம் ஒன்று தந்த கடன் அட்டையில் சொந்தப் பொருள் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. தப்பு எதுவும் செய்யவில்லை என்றார். ஆனாலும் 2018 மார்ச்சில், நாட்டின் பொன்விழா முடிந்த கையோடு விலக நேர்ந்தது. அப்போது சில காலம் பொறுப்புத் தலைவராக இருந்தவர் பர்லன் வையாபுரி. 2024 டிசம்பர் முதல் தரம் கோகுல் இருக்கிறார்.

அதிகாரமில்லாத பதவி என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். உத்தீமும் செட்டியாரும் சட்டத்தை நிறுத்திவிடவில்லைதான். ஆனால் அந்தச் சில நாள், மசோதாவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நாடு முழுக்கப் பேச வேண்டியதாயிற்று. சம்மதம் தருவது மட்டுமே வேலையாகக் கொண்ட நாற்காலியில், எழுந்து போவதுதான் உட்கார்ந்தவருக்குச் சொந்தமான ஒரே அதிகாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவும் ஒரு முறைதான் பயன்படும். பென்ஷனுக்குச் சில மாதம் இருக்கும்போது பயன்படுத்த ரொம்பவே நெஞ்சுரம் வேண்டும்.

நீங்கள் அந்த மேசையில் இருந்திருந்தால் என்ன குறிப்பு எழுதியிருப்பீர்கள்? பதிலில் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
உங்கள் நண்பன்