பாதித் திரையில் நான்

மகளைப் புத்தகம் படிக்கவைப்பதற்காக வீடியோ கேம் வாங்கியவள் நான். சிரிப்பார்கள் என்று இதுவரை வெளியில் சொன்னதில்லை. விடுதியில் ஹாரி பாட்டரின் ஒரே பிரதியை அறைக்கு அறை முறைவைத்துப் படித்த கூட்டம் எங்களுடையது. என் மகளோ முதல் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போன என் தம்பி விட்டுப்போன பிளேஸ்டேஷன் 4, டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்தது. விளையாடினால் கதை பிடிக்கும், கதை பிடித்தால் புத்தகத்தைத் தானே எடுப்பாள். அதுதான் என் கணக்கு.

வாங்கியது ‘லெகோ ஹாரி பாட்டர் கலெக்‌ஷன்’. இங்கிலாந்தின் டிராவலர்ஸ் டேல்ஸ் நிறுவனம் முதல் நான்கு வருடக் கதையை 2010-லும், மிச்சத்தை 2011-லும் தனித்தனி கேம்களாக உருவாக்கியிருந்தது. 2016-ல் இரண்டையும் ரீமாஸ்டர் செய்து, ஒன்றாகச் சேர்த்து பிளேஸ்டேஷன் 4-க்கு விட்டார்கள். ரீமாஸ்டர் என்றதும் பெரிதாக எதிர்பார்த்தேன். நடந்தது பழைய வீட்டுக்கு வெள்ளையடித்த கதைதான். படம் பளிச்சென்று இருக்கிறது, மற்றபடி எதுவும் இடம் மாறவில்லை. இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து விளையாடும் வசதிகூடச் சேர்க்கவில்லை. இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் அதே அறையில், அதே டிவிக்கு முன்னால் உட்கார வேண்டும். இதைக் குறை என்பவர்கள் இருக்கலாம். எனக்கு இந்த கேமிலேயே பிடித்த அம்சம் அதுதான்.

முதல் நாளே என் பெருமை கரைந்தது. கதை முழுக்க எனக்குத் தெரியும். கை மட்டும் வராது. அவளுக்குக் கதை தெரியாது. கட்டைவிரல் தானாக ஓடும். “அம்மா, சதுரத்தை அமுக்கு. அமுக்கிட்டே இரு. விடாத!” என்று அவள் கத்த, நான் இயக்கும் ஹெர்மயோனி சுவரைப் பார்த்து மந்திரம் போட்டுக்கொண்டிருப்பாள். இந்த கேமின் லெகோ பொம்மைகள் யாரும் பேசுவதில்லை என்பது இன்னொரு கூத்து. முணுமுணுப்பார்கள், தோளைக் குலுக்குவார்கள், படம் வரைந்து காட்டுவார்கள். வசனமே இல்லாத நாடகம். கதை தெரிந்தவர் சிரிக்கலாம், தெரியாதவருக்கு யாராவது பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது. டிமென்டர் என்றால் என்ன, சிறையிலிருந்து தப்பியவன் உண்மையில் யார் என்று தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்பாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டியபோது ஒருநாளும் அவள் இப்படிக் கேட்டதில்லை.

“ஸ்னேப் வாத்தியார் நல்லவரா, கெட்டவரா?” என்றாள் ஒருநாள்.

“தெரியலையே” என்றேன், கூசாமல்.

இந்த கேமில் ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்வரை திரை ஒன்றுதான். ஒருவர் விலகிப் போனால் நடுவில் ஒரு கோடு விழுந்து திரை இரண்டாகும். யார் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அதற்கேற்ப அந்தக் கோடு சாய்ந்துகொண்டே இருக்கும். மறுபடி நெருங்கினால் கோடு மறைந்துவிடும். ஆரம்பத்தில் அந்தக் கோடு எனக்குத் தலைசுற்றலைத் தந்தது. பிறகுதான் கவனித்தேன், கோடு விழும்போதெல்லாம் வழி தெரியாமல் நிற்பது நான்தான். மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் கோட்டையில் அடுத்த வகுப்புக்கு வழிகாட்ட, தலை பாதி அறுந்த நிக் என்ற ஆவி காசு தூவிக்கொண்டே முன்னால் போவார். நான் அந்தக் காசைப் பார்த்து நடப்பேன். அவள் சுவரில் தொங்கும் படம், விளக்கு, பூந்தொட்டி எல்லாவற்றையும் மந்திரத்தால் சீண்டிக்கொண்டு எங்கோ இருப்பாள். “வாடி, கிளாஸுக்கு நேரமாச்சு!” என்று நிஜமாகவே அதட்டியிருக்கிறேன். பள்ளி வேனுக்குக் கிளப்பும் அதே குரல்.

காசு விஷயத்தில் நான் இன்னும் மோசம். ஸ்டட் என்பார்கள்: வெள்ளி 10, தங்கம் 100, நீலம் 1,000, ஊதா 10,000. இதில் யாரும் நிரந்தரமாகச் சாவதில்லை. அடிபட்டால் பொம்மை துண்டுதுண்டாகச் சிதறும், கொஞ்சம் காசு தரையில் கொட்டும், அடுத்த நொடி முழுசாக எழுந்து நிற்கும். அவள் பொம்மை சிதறியபோது கொட்டிய காசை ஓடிப்போய்ப் பொறுக்கியவள் நான். அவள் எழுவதற்குள். வேண்டுமென்றேதான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “லெவல் முடிஞ்சா ரெண்டு பேர் காசும் ஒண்ணாத்தான் சேரும், தெரியாதா?” என்றாள். தெரியாது.

கருப்பாகச் சிவப்பு மினுமினுப்போடு நிற்கும் சில பொருள்கள் இருக்கின்றன. வோல்டமார்ட் மாதிரி இருள் மந்திரவாதிகளால் மட்டுமே அவற்றை அசைக்க முடியும். முதல் முறை கதையோடு போகும்போது அவற்றை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்; பிறகு வேறு ஆளாகத் திரும்பி வந்து எடுக்கலாம். எனக்கு அது ஆகாது. அடுப்படி துடைக்காமல் தூங்காத ஜென்மம். அந்த மினுமினுப்பு முன்னால் நின்று எல்லா மந்திரத்தையும் வீணாகப் போட்டுப் பார்ப்பேன். அவள் என் கையிலிருந்து கன்ட்ரோலரை வாங்காமல், தன் பொம்மையை மட்டும் கதவு வரை நடத்திப்போய் நிறுத்திக் காத்திருப்பாள். திரையில் கோடு விழும். நான் போய்ச் சேர்ந்ததும் கோடு போகும். ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஹோம்வொர்க் முடிக்காமல் அவள் நின்றபோது நான் அப்படிக் காத்திருந்ததாக ஞாபகம் இல்லை.

புத்தகம் என்ன ஆயிற்று என்றால், அலமாரியிலேயே இருக்கிறது. என் கணக்கு பலிக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குக்கர் விசில் வந்து நான் எழுந்து போனால், என் ஹெர்மயோனியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போகும், என்னைவிடச் சமர்த்தாக. ஆனாலும் “சீக்கிரம் வா” என்று குரல் வரும்.

நான்காம் வருடம் முடிந்து ஐந்தைத் தொடங்கவிருந்த அன்று, வேனிலிருந்து இறங்கும்போதே முகம் உர்ரென்று இருந்தது. பக்கத்து சீட்டுப் பெண் ஸ்னேப்பைப் பற்றி முழுசாகச் சொல்லிவிட்டாளாம்.

“உனக்கு முன்னாடியே தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் தெரியாதுன்ன?”

“சொல்லிட்டா விளையாடுறதுல சுவாரசியம் போயிடும்னுதான்.”

ஷூவைக் கழற்றியபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். “வேற யார்லாம் சாவாங்க?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் காதைப் பொத்திக்கொண்டு, “வேணாம், வேணாம், சொல்லாத! கன்ட்ரோலர்ல சார்ஜ் இருக்கா பாரு” என்று உள்ளே ஓடினாள்.