கலத்தினுள் ஓர் அழையா விருந்தாளி

உலோகம் என்றதும் கலப்பையும் வாளும் நினைவுக்கு வருதல் மனித இயல்பு. ஆயினும் உழுபவனின் உடலினுள்ளும் உலோகம் உண்டு. குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு. பி12 விற்றமினின் நடுவே வீற்றிருப்பது கோபாற்று. நொதியங்கள் பல நாகத்தையும் செம்பையும் தம்முள் பொதிந்தே தொழில் புரிகின்றன. ஆதலின் உலோகத்தைக் கலம் அறியும். அழைப்பின்றி வரும் உலோகத்தையே அது அஞ்சும்.

இவ்வழையா விருந்தாளியை உள்ளே அனுப்பி, இயற்கை செய்தறியாத இரசாயனத் தாக்கங்களை உயிர்க்கலத்தில் நிகழ்த்த விஞ்ஞானிகள் முயன்று வருகின்றனர். தடைகள் சிறியனவல்ல. குடுவையில் இத்தகைய ஊக்கிகள் பல காற்றும் நீரும் விலக்கப்பட்ட நிலையிலேயே பயன்படுத்தப்படுகின்றன. கலமோ நீரால் நிறைந்தது. அங்குள்ள குளுற்றாதயோன் போன்ற கந்தகச் சேர்வைகள் உலோகத்தைப் பற்றி அதனைச் செயலிழக்கச் செய்யும். உலோகமும் தன் பங்குக்குக் கலத்துக்கு நஞ்சாகும்.

2006ஆம் ஆண்டில் கிரெய்க் ஸ்ரூ, எரிக் மெகர்ஸ் ஆகியோர், ஒளிராதவாறு மறைப்பிடப்பட்ட சாயமொன்றின் மறைப்பை ருதேனியச் சேர்வையினால் உயிர்க்கலங்களினுள் அகற்றினர்; கலங்கள் ஒளிர்ந்தன. 2011இல் எடின்பரோ ஆய்வாளர் பலேடியத்தின் நுண்துணிக்கைகளைச் சின்னஞ்சிறு பொலிஸ்ரைரீன் கோளங்களில் பொதிந்து கலத்தினுள் செலுத்தினர். 2016இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் தோமஸ் வோட் முதலியோர், ருதேனியத்தைப் புரதமொன்றின் குழியினுள் குடியமர்த்தி, ஈ. கோலை பற்றீரியத்தின் இரு மென்சவ்வுகளுக்கும் இடைப்பட்ட வெளியில் தொழிற்படச் செய்தனர். குளுற்றாதயோன் அங்கு குறைவு என்பது அவ்விடத்தைத் தெரிந்தமைக்கு ஒரு காரணம்.

இம்முயற்சியின் பயன் யாது? புற்றுநோய்க்கான மருந்துகள் பல, குருதியில் கலந்ததும் நோயுற்ற கலத்தையும் நலமுற்ற கலத்தையும் ஒருங்கே தாக்குகின்றன. உதிரும் தலைமயிரும் ஓயாத குமட்டலும் நோயாளி உயிருக்காகச் செலுத்தும் திறையாகும். 5-புளோரோயுராசில் என்னும் மருந்தை முடக்கி அனுப்பி, பலேடியம் இருக்குமிடத்தில் மட்டும் அதனை உயிர்ப்பிக்கும் வழியை எடின்பரோ ஆய்வாளர் 2014இல் ஆய்வுகூடத்தில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களிற் காட்டினர். மருந்து கட்டியின் அருகே மட்டும் விழித்தெழுமாயின், அத்திறை பெரிதும் குறையும்.

ஊக்கி தான் செலவாவதில்லை. சிறிதளவே பன்முறை தொழிற்படும். அதன் பெருமை அது. அச்சம் பிறப்பதும் அங்கேதான். கலம் தன் நொதியங்களைத் தானே ஆக்குகிறது. தேவை தீர்ந்ததும் தானே சிதைக்கிறது. பலேடியத்தைச் சிதைக்க அதற்குத் தெரியாது. எனவே விருந்தாளியை உள்ளே அனுப்பக் கற்ற மனிதன், வேலை முடிந்ததும் அவனுக்கு விடைகொடுத்தனுப்பவும் கற்றாக வேண்டும். நோயாளியின் உடலை நம்பி ஒப்படைப்பதற்கு அதுவே முதல் நிபந்தனை.