எப்படி சார் இளைச்சீங்க?

எல்லாம் ஒரு பேண்ட் கொக்கியில்தான் ஆரம்பித்தது.

மச்சினன் கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள். போன தீபாவளிக்குத் தைத்த சாம்பல் நிற பேண்ட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். கொக்கிக்கும் அது மாட்ட வேண்டிய இடத்துக்கும் நடுவே சரியாக ஒரு இஞ்ச் இடைவெளி. மூச்சை இழுத்துப் பிடித்தால் மாட்டிக்கொண்டது. ஆனால் கல்யாணம் இரண்டு நாள். அதுவரை மூச்சைப் பிடிக்க நான் என்ன யோகியா?

"பேண்ட் சுருங்கிடுச்சு போலிருக்கு" என்றேன்.

"ஆமா, பாவம்! பீரோவுக்குள்ள பட்டினி கிடந்துதில்ல..." என்றாள் மனைவி.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து செக்‌ஷன் நண்பரிடம் புலம்பினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்களுக்கு மட்டும் சொல்றேன்" என்று (அதாவது, ஏற்கெனவே எல்லோரிடமும் சொன்னதை) சொன்னார். ஒரு மூலிகை கேப்ஸ்யூல். முப்பதே நாளில் பத்து கிலோ. பக்க விளைவே கிடையாது. கடையில் கிடைக்காது. ஒரு போன் நம்பருக்குப் பணம் அனுப்பினால் கூரியரில் வீடு தேடி வரும். அறுபது கேப்ஸ்யூல், 2,400 ரூபாய்.

வந்தது. டப்பா மேல் பச்சை இலை. இடது பக்கம் ஒரு தொப்பைக்காரர் சோகமாக நிற்கிறார். வலது பக்கம் அவரே ஒல்லியாகச் சிரிக்கிறார். நானும் என் பங்குக்கு ஒரு திட்டம் போட்டேன். காலையில் எலுமிச்சைத் தண்ணீர், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரிக்கு கடவுள் விட்ட வழி.

முதல் வாரமே மூன்று கிலோ அவுட்! பசி என்ற சமாசாரமே மறந்துபோயிற்று. கேன்டீன் மெதுவடை எதிரே வந்தால், பழைய கடன்காரரைப் பார்த்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாய் மட்டும் வறண்டுகொண்டே இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு ஃபேனின் மூன்று இறக்கைகளையும் எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். ஒருநாள் கணக்கில் சந்தேகம் கேட்க வந்த பையனின் நோட்டைத் தூக்கி எறிந்தேன். "கொழுப்பு கரையறதுன்னா சும்மாவா?" என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை எடுத்து அட்டையைத் தடவிக்கொடுத்தாள்.

இருபதாம் நாள், ஆறு கிலோ குறைந்திருந்தது. லிஃப்ட்டில், வராந்தாவில், எங்கே போனாலும் ஒரே கேள்வி: "எப்படி சார் இளைச்சீங்க?" நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக ஜனங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் போதை கேப்ஸ்யூலில் இருந்ததைவிடப் பெரிது.

எங்கள் செக்‌ஷனில் ஒரு தம்பி. இருபத்தேழு வயது. அடுத்த மாதம் பெண் பார்க்கப் போக வேண்டும். லேசாகத் தொப்பை. அவனும் கேட்டான். நான் வெறுமனே பதில் சொல்லியிருக்கலாம். நானே அந்த நம்பருக்குப் போன் போட்டு, இரண்டு டப்பா சேர்த்து வாங்கினால் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசி, வாங்கிக் கொடுத்தேன்.

இருபத்துநாலாம் நாள் ராத்திரி பதினோரு மணி. படுத்திருக்கிறேன். நெஞ்சுக்குள் யாரோ தையல் மெஷினை மிதிக்கிற மாதிரி தடதடவென்று ஒரு சத்தம். எழுந்தேன். கண் இருட்டியது. கதவைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம், ஆட்டோவில் மனைவியின் மடியில் என் தலை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர். நாடித்துடிப்பு 134. ரத்த அழுத்தம் 170/110.

"வாய் வறளுதா?"

"ஆமா டாக்டர்."

"தூக்கம் வர்றதில்லையா? மலச்சிக்கல்? எல்லார் மேலயும் எரிஞ்சு விழறீங்களா?"

"கரெக்ட்டா சொல்றீங்களே! ஜோசியம் பார்ப்பீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். நான் எச்சில் விழுங்குவதற்குள் மனைவி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜை மேல் வைத்தாள். கிளம்பும்போதே எடுத்துக்கொண்டாளாம்!

"லேப்ல டெஸ்ட் பண்ணாம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அறிகுறிகளைப் பார்த்தா சிபுட்ரமின் மாதிரி ஏதோ கலந்திருக்கும்னு சந்தேகப்படறேன். பட்டினி கிடந்ததுல பொட்டாசியம் வேற குறைஞ்சிருக்கு. ரெண்டும் சேர்ந்து இதயத்தை உலுக்கியிருக்கு."

சிபுட்ரமின் ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதிக்கொடுத்த பசி அடக்கும் மருந்து. ஏற்கெனவே இதய நோயோ சர்க்கரையோ இருந்த சுமார் 10,000 பேரிடம் ஆராய்ந்து பார்த்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் என்று தெரிந்தது. 2010-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை விலக்கின. 2011 பிப்ரவரியில் இந்தியா தடை செய்தது. முன்வாசல் மூடியதும் சரக்கு பின்வாசல் வழியாக வந்தது. 'இயற்கை', 'மூலிகை' என்று விற்ற எத்தனையோ இளைப்பு மருந்துகளில் அது ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது.

பட்டினியும் லேசுப்பட்டதல்ல. 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டுமே குடித்து மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போனது.

டாக்டர் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "நிஜ மருந்துன்னா பக்க விளைவுகளை ஒரு முழ நீளத்துக்கு அச்சடிச்சிருப்பாங்க. பக்க விளைவே இல்லைன்னு எழுதியிருந்தா, ஒண்ணு அது மருந்தில்லை, இல்லேன்னா அது பொய்."

அப்போதுதான் எனக்குத் தம்பியின் ஞாபகம் வந்தது. மணி ஒன்று. மனைவியின் போனை வாங்கி அடித்தேன்.

"தம்பி, அந்த கேப்ஸ்யூலை உடனே நிறுத்துப்பா. உனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதா?"

ஒரு நிமிஷம் பேச்சில்லை.

"ஆமா சார்... கொஞ்ச நாளாவே அப்படித்தான். பொண்ணு பார்க்கப் போற டென்ஷன்னு நெனச்சேன்."

தலைமாட்டில் இருந்த மானிட்டர் 'கீ... கீ...' என்று கத்தியது. நர்ஸ் ஓடிவந்து போனைப் பிடுங்கினார். அந்தத் துடிப்புக்குக் காரணம் கேப்ஸ்யூல் இல்லை.

விடிந்ததும் அவன் போய்ப் பார்த்துக்கொண்டான். ரத்த அழுத்தம் 150-ஐத் தாண்டியிருந்ததாம். நிறுத்திய இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். "நீங்க நல்லதுக்குத்தானே சார் சொன்னீங்க" என்றான். திட்டியிருக்கலாம். அந்தக் கேப்ஸ்யூலை விற்றவனை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. தம்பி பார்த்து நம்பியது என் முகத்தைத்தான்.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வாசம். பில் 24,000 ரூபாய். இளைத்த ஆறு கிலோவுக்குக் கிலோ நாலாயிரம் வீதம் ஆகிறது.

வீட்டில் படுத்தபடி அந்த டப்பாவை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருந்தது. அரசாங்கமே சிபாரிசு செய்கிறது என்று நினைத்திருந்தேன். அது உணவு வியாபாரத்துக்கான அனுமதி எண். பஜ்ஜிக் கடையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கேப்ஸ்யூலுக்குள் என்ன இருக்கிறது என்று யாரோ பிரித்துப் பார்த்ததற்கு அது அத்தாட்சி இல்லை. அதற்குக் கீழே, எறும்பு எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றும் போட்டிருந்தது. இன்னொரு வேடிக்கை. உடல் பருமனை மருந்தால் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-லேயே சட்டம் இருக்கிறது. என் பிறப்புக்கு முன்பே எனக்காகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியவில்லை.

இன்னொன்றும் உறைத்தது. பதினெட்டு வருஷமாகக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. பத்து கிலோவுக்கு 77,000. முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 2,566. நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் தள்ளுகிற ஆள் ஒரு நாளில் செலவழிப்பதே சுமார் 2,100 கலோரிதான். ஆக, முப்பது நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தால்கூடப் பத்து கிலோ கொழுப்பு கரையாது! முதல் வாரம் போனதில் பெரும்பகுதி உடம்பில் சேமித்திருந்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த தண்ணீரும்தான். சாப்பிட ஆரம்பித்ததும் அவை சமர்த்தாகத் திரும்பி வந்துவிட்டன. யாராவது ஆயிரம் ரூபாய் வவுச்சர் நீட்டினால் மூன்று தடவை கூட்டிப் பார்க்கிற நான், இந்தக் கணக்கை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

சிபாரிசு செய்த நண்பரைப் பிடித்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டேன். "நான் எங்கே சாப்பிட்டேன்? நீங்க சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார்.

இப்போது தினமும் ஒரு பஸ் ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். ராத்திரி மூன்று தோசைக்குப் பதில் இரண்டு. ஐந்து மாதத்தில் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. பையன் மட்டும் மறுபடி கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறான்.

அந்த பேண்ட் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கல்யாணத்துக்கு முதல் நாள் மாட்டிப் பார்த்தேன். அதே கொக்கி. அதே ஒரு இஞ்ச். தெருமுனை டெய்லரிடம் எடுத்துக்கொண்டு போனேன். "உள்ளே துணி விட்டுத்தான் சார் தெச்சிருக்கேன்" என்று பின்பக்கத் தையலைப் பிரித்து, ஒரு இஞ்ச் தளர்த்திக் கொடுத்தார்.

அரை மணி நேரம். எண்பது ரூபாய். பக்க விளைவே கிடையாது.