போய்வரும் சீட்டு

"அம்மா, நீங்க ஒரு நாளாவது சும்மா ஊர் பார்க்கப் போயிருக்கீங்களா?" என்று என் மகள் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். கலியாண வீடு, சாவீடு என்று போயிருக்கிறேன். கலெக்டர் ஆபீசுக்கு எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். சும்மா போனது என்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவளே பணம் கட்டி நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலில் எனக்கும் அவளுக்கும் இடம் பிடித்துவிட்டாள். நாலு நாள் பயணம். சாதாரண இருக்கைக்குப் போகவர ஒருவருக்கு ஏறத்தாழ 8,500 இந்திய ரூபா. அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். அதில் திரும்பி வரும் தேதியும் இருந்தது.

நான் பிறந்தது கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலவில். இருப்பது திருச்சியில். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974 இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். அப்பா விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகப் போகாமலே இருந்தார். 1983 ஜூலைக்குப் பிறகு அவரே கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்துக்கு நடையாய் நடந்தார். 1984 தொடக்கத்தில் எங்களை ரயில் ஏற்றினார்கள். அந்த ரயிலை மலைநாட்டில் அழுகைக் கோச்சி என்பார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் எங்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதிக்கொண்டார்கள். அந்தத் தாயகத்தை அதற்கு முன்னால் அம்மாவும் பார்த்ததில்லை, அம்மாவின் அம்மாவும் பார்த்ததில்லை. அந்த ஆண்டோடு அந்தக் கப்பலும் நின்றுபோனது.

பயணத்துக்கு முதல்நாள் கொட்டப்பட்டு முகாமில் இருக்கும் அக்காவிடம் சொல்லப் போனேன். கூடப் பிறந்த அக்கா இல்லை. இருபது வருடமாக ஒன்றாகத் தைக்கிறோம். 1990 இல் மன்னாரிலிருந்து இரவுப் படகில் வந்தவர். எனக்கு இந்தியக் கடவுச்சீட்டு கிடைத்தது. அவருக்கு முகாம் அடையாள அட்டை மட்டும்தான். அந்த அட்டையைக் காட்டி இந்தக் கப்பலில் ஏற முடியாது. போனால் திரும்பி வராத போக்குக்குத்தான் அவருக்குத் தாள்கள் தருவார்கள். அவருடைய தம்பி நோர்வேயில் இருக்கிறார். ஒஸ்லோவில் பகல் இரண்டு மணிக்குக் கப்பல் ஏறி, மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் இறங்கி, நாலு மணி நேரம் கடைகளைச் சுற்றிவிட்டு அதே கப்பலில் திரும்புவதை அவர்கள் லீவு என்கிறார்களாம். "கடலில் போறதுக்குக் காசு குடுக்கினம்" என்று அக்கா சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. "நான் வரேக்க கடலைப் பார்க்கவே இல்லை. பிள்ளை அழாமல் வாயைப் பொத்திக்கொண்டு அடியில கிடந்தனான். நீ பார்த்து வந்து சொல்லு" என்றார்.

இது 2025 மார்ச்சில் நடந்தது. இந்தச் சேவை 2023 ஒக்டோபர் 14 இல் 'செரியபாணி' என்ற கப்பலோடு தொடங்கி, மழைக்காலம் வந்ததும் நின்றது. பிறகு 2024 ஓகஸ்ட் 16 இல் 'சிவகங்கை' ஓடத் தொடங்கி, மழைக்கு மறுபடி நின்று, பெப்ரவரியில் திரும்பவும் ஓடியது. 110 கிலோமீற்றர் தூரம், நாலு மணி நேரம். உள்ளே பஸ்ஸைப் போல வரிசை வரிசையாக இருக்கைகள். குளிர் தாங்காமல் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அக்காவுக்காக ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். கண்ணாடியில் உப்புப் படிந்திருந்தது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பார்த்தேன். கரைக்குப் பக்கத்தில் கலங்கல், பிறகு பச்சை, பிறகு கருநீலம். அலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நெடுநேரம் ஒரு படகும் கண்ணில் படவில்லை. இந்தத் தண்ணீரில் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணம் ஓடியது. மகள் தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை.

காங்கேசன்துறையில் இறங்கி, படிவத்தில் வருகையின் நோக்கம் 'விடுமுறை' என்று எழுதினேன். கை கொஞ்சம் நின்றுதான் எழுதியது. வெளியே 1990 இல் மூடிய சீமெந்துத் தொழிற்சாலை. வழியில் கூரையில்லாத வீடுகளின் சுவருக்குள் மரம் வளர்ந்து நின்றது. யாழ்ப்பாணத்தில் இரவு பஸ் பிடித்தோம். அங்கே அந்த ஏ9 பாதையைக் கண்டி வீதி என்றே சொல்கிறார்கள். சண்டை நாட்களில் எத்தனை தரம் மூடித் திறந்த பாதை அது. விடிய மாத்தளை தாண்டியதும் மகள் கம்பளி தேடினாள். எனக்கு அந்தக் குளிர் பழகிய குளிராக இருந்தது.

கண்டியிலிருந்து மகியங்கனை பஸ்ஸில் ஏறி, தென்னக்கும்புறப் பாலத்தில் மகாவலியைக் கடந்து, குண்டசாலை தாண்டிப் பல்லேகல. இந்தத் தும்பறைப் பக்கம் கொக்கோவுக்குப் பேர்போனது. பழுத்த காயை உடைத்து வெள்ளைச் சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்புவோம். இப்போது முதலில் கண்ணில் படுவது கிரிக்கெட் மைதானம். 2009 இல் திறந்தது. அப்புறம் தொழிற்பேட்டை. ஷிப்ட் முடிந்த பெண்பிள்ளைகள் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். எங்கள் லயம் எந்தப் பக்கம் என்றே பிடிபடவில்லை. நான் நினைத்து வைத்திருந்த மேடு பள்ளமெல்லாம் ஒன்பது வயதுக் கண்ணுக்குத் தெரிந்தவை.

"மம இபதுணே மெஹே" என்று, மிஞ்சியிருந்த சிங்களத்தில், நான் பிறந்தது இங்கேதான் என்று ஒரு வயதான அம்மாவிடம் சொன்னேன். மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு வெற்று நிலத்தைக் காட்டினார். சிமெந்துக் கட்டில் ஒரு துண்டும் தண்ணீர்ப் பீலியின் அடிக்கல்லும் மட்டும் இருந்தன. எங்களை அவருக்கு நினைவில்லை. லயங்கள் காலியான வருடம் நினைவிருந்தது. நாய்கள் பல நாள் பட்டினி கிடந்து ஊளையிட்டன என்றார். வெறும் தேநீரும் கித்துள் கருப்பட்டியும் தந்தார். எங்கள் வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

மறுநாள் விக்டோரியா அணைக்குப் போனோம். 122 மீற்றர் உயரம், 1985 இல் திறந்தது. பழைய தெல்தெனிய பட்டணம் அந்தத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அப்பா சம்பளத்தன்று எங்களுக்குத் துணி எடுக்கப் போன பட்டணம். நாங்கள் மட்டும்தான் பெயர்ந்தோம் என்று நினைத்திருந்தேன். அந்தச் சிங்களக் குடும்பங்களும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நாலாம் நாள் பகல் காங்கேசன்துறையில் கப்பல் ஏறியபோது கரையைப் பார்த்து நின்றேன். 1984 இல் அம்மா இப்படி நின்றுதான் மயங்கி விழுந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பசித்தது. கட்டி வந்த இடியப்பத்தை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அக்காவுக்குக் கருப்பட்டி கொண்டு போனேன். அதை வாங்கி வைத்துவிட்டு, "கடல்?" என்றார். கலங்கல், பச்சை, கருநீலம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். தையல் மெஷினை மிதிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பச்சையோ?" என்றார். "நான் கறுப்பு எண்டு நினைச்சன்."